வீட்டுப்பாடமும் வீட்டின் பாடமும்

வீட்டுப்பாடம் என்ற சொல்லை ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அதன் முகம் தொங்கிப்போகும். வீடு பிடிக்காத குழந்தை இல்லை. கதை கேட்கவோ, கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்க்கவோ, ஏன் எதற்கு என்று துளைத்தெடுக்கவோ சலிக்கும் குழந்தையும் இல்லை. ஆனால் வீட்டையும் பாடத்தையும் ஒட்டிவைத்த அந்த ஒரு சொல்லில் இரண்டின் ருசியும் போய்விடுகிறது. அது எங்கே போகிறது? மூன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகள் வீட்டில் சந்தோஷமாகக் கற்க என்ன வேண்டும் என்று நெடுங்காலமாகப் பலர் யோசித்திருக்கிறார்கள், சோதித்திருக்கிறார்கள், சண்டையும் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் எது தேறும் என்று தமிழ்நாட்டு வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் எல்லோர் வீடுகளும் கேட்காமலே சோதனைக்கூடங்களாயின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஏறக்குறைய 19 மாதம். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. கூடத்துச் சுவரில் கால அட்டவணை ஒட்டினேன்: ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் ஐந்தையும் நான்கையும் கூட்டச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், மதியம் பாட்டியோடு பல்லாங்குழிக்கு உட்கார்ந்தால், எந்தக் குழியில் எடுத்தால் ஆட்டம் எங்கே போய் நிற்கும் என்று விரல் வைக்காமலே சொன்னாள். "அதெப்படி இப்ப மட்டும் கணக்கு வருது?" என்று கேட்டதற்கு, "இது கணக்கில்லப்பா, வெளையாட்டு" என்றாள். பாட்டி சிரித்ததோடு சரி. எனக்கு அட்டவணையைக் கிழிக்க இன்னும் நான்கு நாள் ஆயிற்று.

வீட்டுக்கல்வி என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது ஒன்று. பள்ளிக்கும் அனுப்பி, மாலையிலும் விடுமுறையிலும் வீட்டில் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. முதல் வகையினர் இங்கே சிலரே. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டில் கற்பிப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. அந்தச் சந்தில்தான் இந்தக் குடும்பங்கள் நிற்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற வழி அவர்களுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டப்படி சரியென்றாகிவிட்டது. ஜெர்மனியிலோ இன்றும் கூடாது. சட்டம் எப்படியிருந்தாலும், பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எழும் சலிப்பு இரண்டு வகை வீட்டிலும் ஒன்றுதான். எனவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

பழையதிலிருந்து தொடங்கலாம். திண்ணைப் பள்ளி என்பதே பாதி வீடு, பாதி பள்ளி. அதைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. அங்கே பிரம்பும் இருந்தது, பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. ஆனால் ஒரு நல்ல பொருளும் இருந்தது: மணல். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் விரலால் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டு தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரவைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அங்கே பரவியதென்னவோ ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லித்தரும் சிக்கனம்தான். மணலின் அருமை பின்னுக்குப் போய்விட்டது.

மணலில் தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவல், தப்பு போயிற்று. நாலு கோடு நோட்டில் எழுதிய தப்பு அங்கேயே கிடக்கும். அதன் மேல் சிவப்பு மை ஏறும். சாயங்காலம் அம்மா பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் அவரும் பார்ப்பார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தின் மேல் வரும் வெறுப்பில் பாதி இந்தப் பதிவேட்டின் மேல் வரும் வெறுப்பு. விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசி பரப்பி, குழந்தையின் விரல் பிடித்து 'அ' எழுதவைக்கிறோம். மறுநாள் அரிசி உலைக்குப் போய்விடுகிறது. அந்தத் தாம்பாளத்தை ஒரு வருடம் கூடத்திலேயே விட்டிருந்தால் எத்தனையோ நோட்டுகள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 'குழந்தைகளின் வீடு' என்று பெயரிட்டுத் தொடங்கியவர். பள்ளி என்று பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதம் தங்கிப் போவதாக இருந்தவரைப் போர் பிடித்து நிறுத்தியது. இத்தாலி எதிரி நாடானதும் ஆங்கில அரசு அவர் மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித்தான் விடுவித்தது. மரியா அடையாறிலும் கொடைக்கானலிலுமாக 1946 வரை இருந்தார். இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான புத்தகம் 1949-இல் அடையாறிலேயே வெளியாயிற்று.

இன்று மாண்டிசோரி என்றால் பெரும்பாலான ஊர்களில் கட்டணம் அதிகமான ஒரு மழலையர் பள்ளி நினைவுக்கு வருகிறது. இல்லாவிட்டால் ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மரச்சாமான் பெட்டி. அவருடைய முறையின் அடித்தளமோ தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது. பெரியவர்கள் நிஜமாகச் செய்யும் வேலையை, தன் கைக்கு அடங்கும் அளவில், தன் வேகத்தில் செய்யக் கிடைத்தால் குழந்தை அதில் மூழ்கிப்போகும் என்பதே அவர் கண்டது. நம் சமையலறையில் இதற்குப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பட்டாணி உரிக்கலாம், புளியில் கொட்டை எடுக்கலாம், பருப்பில் கல் பொறுக்கலாம், கீரை ஆயலாம். (ஆய்வு என்ற சொல்லும் அந்த ஆய்தலும் ஒரே வேர்தான். நல்லதையும் பூச்சி அரித்ததையும் பார்த்துப் பிரிக்கும் நான்கு வயதுக்காரியை ஆய்வாளர் என்று சொல்வதில் தப்பில்லை.) சிக்கல் எங்கே வருகிறதென்றால், அம்மா பத்து நிமிடத்தில் முடிக்கும் கீரையைக் குழந்தை முக்கால் மணி நேரம் ஆயும், பாதி தரையில் கிடக்கும். அதனால் "நீ போய்ப் படி" என்று துரத்துகிறோம். அதாவது, படித்துக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிப் படிக்க அனுப்புகிறோம்.

'வீட்டுக்கல்வி' என்ற தலைப்பிலேயே 1886-இல் புத்தகம் எழுதிய இங்கிலாந்தின் சார்லட் மேசன், எட்டு வயதுக்குக் கீழே எந்தப் பாடமும் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். மீதி நேரம் வெளியே, மரத்தடியில். குஜராத்தின் கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். மகன் பிறந்த பிறகு அவனுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று தேடிப்போய்க் கல்வியாளரானார். 1920-இல் பாவ்நகரில் பால மந்திர் தொடங்கினார். அவர் எழுதிய 'திவாஸ்வப்னா'வில் வரும் ஆசிரியர் பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுக் கதையிலிருந்துதான் தொடங்குகிறார். அமெரிக்காவின் ஜான் ஹோல்ட் 1964-இல் எழுதியது இன்னும் உறைக்கும்: வகுப்பில் பிள்ளைகள் பாடத்தைப் பற்றி யோசிப்பதில்லை, டீச்சர் முகத்தைப் பார்த்து எந்தப் பதில் வேண்டும் என்று ஊகிப்பதிலேயே மூளையைச் செலவழிக்கிறார்கள். 1977-இல் அவர் பள்ளியில்லாக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. முகம் பார்த்து ஊகிக்கும் வேலை வீட்டில் இன்னும் அதிகம். அங்கே டீச்சர் முகமும் அப்பா முகமும் ஒன்று.

இனி, மகிழ்ச்சி என்ற பெயரில் நாம் அதிகம் செய்யும் காரியத்துக்கு வருகிறேன்: பரிசு. "இந்தப் பக்கத்தை முடிச்சா ஐஸ்கிரீம்." நோட்டில் நட்சத்திர ஸ்டிக்கர். 1973-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் குறிபார்த்து அடித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரையப் பிடித்த 51 குழந்தைகளை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவரும் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல விளையாடும் நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். சொல்லி வைத்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை.

கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் நமக்குண்டு. மருந்துக்கு அது சரி. பாலுக்கும் பழத்துக்கும் தேன் தடவி நீட்டினால், இதுவும் கசப்புப் போலிருக்கிறது என்று குழந்தை சந்தேகப்படும். கதைப்புத்தகத்துக்கு ஐஸ்கிரீம் பேரம் பேசும் வீடு அந்தச் சந்தேகத்தைத்தான் ஊட்டுகிறது. பாட்டும் கார்ட்டூனும் மணியோசையுமாக எழுத்துச் சொல்லித்தரும் செயலிகளைப் பற்றியும் என் எண்ணம் இதுவே. நீளமாகப் பேச ஆர்வமில்லை. 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணியும் பெரும்பாலான வீடுகளில் சோறு ஊட்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு வருவோம். 247 என்று சொன்னதுமே பெற்றோருக்குப் பதற்றம் பிடிக்கிறது. உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில துணைக்குறிகள். மற்றதெல்லாம் சேர்க்கை, கொஞ்சம் விதிவிலக்கோடு. அதிலும் சுவர் அட்டையில் முதலில் நிற்கும் அ, ஆ, இ மூன்றும் கைக்குக் கஷ்டமான வடிவங்கள். பெரும்பாலும் நேர்கோடுகளாலான ட, ப, ம-விலிருந்து தொடங்குவது தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்த வழி. வீட்டில் செய்து பாருங்கள். இந்த மூன்று எழுத்தும் தலையில் வைக்க ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று படிக்கலாம். அதைவிட, படபட, மடமட, டமடம என்று படிக்கலாம்! இரட்டைக்கிளவி என்ற இலக்கணப் பெயர் பிறகு வரட்டும். முதல் நாளிலேயே சத்தம் போட்டுப் படித்துச் சிரிக்க ஒரு சொல் கிடைத்த குழந்தை, மறுநாள் தானே தாம்பாளத்தை எடுத்துவரும். அத்தோடு 'ர' சேர்த்தால் மரம் முளைக்கும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. குழந்தை பேசுவது "வந்துட்டான்"; புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டான்". எழுத்துக்கூட்டிப் படித்து முடித்த பிறகும் அந்தச் சொல் அதற்குப் பழக்கப்பட்ட சொல்லாக ஒலிக்காது. உலகில் பல குழந்தைகள் எழுத்தை மட்டும் கற்கின்றன. தமிழ்க் குழந்தை எழுத்தோடு கூடவே இன்னொரு நடையையும் கற்கிறது. அதற்கு ஒரே பாலம், எழுதத் தொடங்குவதற்கு வெகுமுன்பே புத்தகத் தமிழைக் காதால் கேட்டுப் பழகுவது. ஒரு மடியில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் படப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அழ. வள்ளியப்பா பாடல்கள் இன்னும் அச்சில் இருக்கின்றன. எனவே புத்தகம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

எப்படி வாசிப்பது என்பதற்கும் ஆய்வு உண்டு. 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள்: ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம், "இவன் என்ன பண்றான்?", "அப்புறம்?" என்று கேளுங்கள், குழந்தை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நான்கே வாரத்தில், வழக்கம்போல வாசித்துக்காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்களின் பேச்சு மாதக்கணக்கில் முன்னே நின்றது. நம் பாட்டிமார் கதையில் 'ம்' கொட்டச் சொல்வார்கள். 'ம்' நின்றால் கதை நிற்கும். அதுவும் இதே குடும்பம்தான். பாட்டிகள் நடுவில் "அப்புறம் நரி எங்க போயிருக்கும், நீயே சொல்லு" என்று தள்ளிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கணக்குதான் வீட்டுக்கல்வியின் பலவீனம். பள்ளிக்கு அனுப்பாத குடும்பங்களைப் பற்றி அமெரிக்காவில் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கன்ஸ்மன், கெய்தர் இருவரும் 2013-இல் சொன்னது: மொழியில் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள், கணக்கில் சற்றுப் பின்தங்குகிறார்கள். வாசிப்பு வீட்டின் காற்றிலேயே இருக்கிறது, கணக்கை யாராவது மெனக்கெட்டுக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் விளையாட்டுச் சாமானை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன்.

ரமணி, சீக்லர் என்ற இரு உளவியலாளர்கள், வசதி குறைந்த வீட்டு மழலையரோடு ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண் எழுதிய அட்டையில் காய் நகர்த்தி ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் கால் மணி நேரம், அவ்வளவே. எண்களின் பெரிது சிறிது, வரிசை, அடையாளம் எல்லாவற்றிலும் குழந்தைகள் தேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நின்றது. எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசிய அட்டையில் ஆடியவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. 2008-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்ததும் எனக்குப் பரண்மேல் இருந்த பரமபதம் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. அதைப் பின்னாளில் நூறு கட்டத்தில் ஆடவைத்துக் கண்டுபிடித்தார்கள். 23-இல் இருக்கும் காயை மூன்று நகர்த்தும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் பயன் குறைவு. "இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்தினால்தான் எண் மனத்தில் ஏறுகிறது. காசு செலவில்லாத திருத்தம்.

அதைத் தமிழில் சொல்வதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. 'இலெவன்' என்ற சொல்லில் பத்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பதினொன்றில் இரண்டும் தெரியும். இருபது என்றாலே இரண்டு பத்து. (தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் நம்மைக் கொஞ்சம் கவிழ்க்கும், அதையே ஒரு புதிராகப் போடலாம்.) ஆங்கிலவழிப் பிள்ளை பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணட்டும். வீட்டிலும் 'டுவென்டி த்ரீ' என்றே எண்ணவைப்பது கைக்கு வந்த வெளிச்சத்தை ஊதி அணைப்பது.

பல்லாங்குழியில் 14 குழி. போட்டுக்கொண்டே போகும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', எடுத்துக்கொள்ளலாம். எனவே எண்ணாமலே பார்த்த பார்வையில் நான்கை அடையாளம் காணும் பழக்கம் வந்துவிடுகிறது. ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு, முன்யோசனை. சமையலறையில் ஆழாக்கும் படியும் இருக்கும் வீடென்றால் இன்னும் விசேஷம்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. தண்ணீரை ஊற்றி ஊற்றி எட்டு ஆழாக்கு என்று கண்டுபிடிக்கும் குழந்தைக்கு அரைக்கால் என்பது பின்னாளில் பயமுறுத்தும் பின்னமாக வராது. தரை நனையும். துணி வைத்துக்கொள்ளுங்கள், துடைப்பதும் அதன் வேலைதான்.

எப்போது தொடங்குவது என்பதில் பெற்றோருக்கு இருக்கும் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. நியூசிலாந்தில், ஐந்து வயதில் வாசிக்கக் கற்ற பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் சுகேட் என்பவர் ஒப்பிட்டார். பதினொரு வயதுக்குள் வேறுபாடு மறைந்துவிட்டது. பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான். இது தெரிந்த பிறகும், பக்கத்து வீட்டு எல்.கே.ஜி. பிள்ளை வாக்கியம் படிக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கும் வயிற்றில் புளி கரைத்தது.

இதெல்லாம் யாரால் முடியும் என்ற கேள்வியைத் தாண்டிப்போகும் கட்டுரை நேர்மையானதாக இருக்காது. வீட்டுக்கல்விப் பிள்ளைகள் சாதிப்பதாகச் சொல்லும் வெளிநாட்டுக் கணக்கெடுப்புகளில் பல, தாமாக முன்வந்து பதில் சொன்ன, படித்த, வசதியான குடும்பங்களைக் கொண்டவை. பள்ளிக்கு அனுப்பாததால் அந்தப் பிள்ளைகள் தேறினார்களா, அந்த வீட்டில் பிறந்ததால் தேறினார்களா என்று பிரிக்க அவற்றால் முடியாது. தமிழ்நாட்டிலோ நூறுநாள் வேலைக்கோ பின்னலாடைக் கம்பெனி ஷிப்ட்டுக்கோ போய்த் திரும்பும் அம்மாவிடம் போய்க் கீரையை முக்கால் மணி நேரம் ஆயவிடச் சொல்வது அபத்தம்.

அதனால்தான் இல்லம் தேடிக் கல்வி என்ற தமிழக அரசுத் திட்டத்தை இந்த விஷயத்தின் முக்கியமான அத்தியாயமாக நினைக்கிறேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் படித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், ஆடலும் பாடலுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தன்னார்வலர் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தொட்டது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த கார்த்திக் முரளிதரன் குழுவினர், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கொரோனா காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். அங்கே கற்பித்தது அம்மாவும் இல்லை, அதிகாரம் உள்ள டீச்சரும் இல்லை; எதிர்வீட்டு அக்கா. தப்பாகச் சொன்னால் மார்க் குறையாது, அப்பாவிடம் போட்டுக்கொடுக்கவும் மாட்டாள். மணலுக்கு இருந்த குணம் அவளுக்கும் இருந்தது.

அப்பா என்றதும் ஒன்று. இந்தப் புத்தகங்கள், வகுப்புகள், அறிவுரைகள் எல்லாம் அம்மாவைப் பார்த்தே பேசுகின்றன. மாலை ஏழு மணிக்குக் களைத்துப்போன ஒருத்தி, களைத்துப்போன ஒரு குழந்தையை உட்காரவைத்து, அடுக்களையில் குக்கர் விசிலையும் எண்ணிக்கொண்டு சந்தோஷமாகச் சொல்லித்தர வேண்டுமாம். அந்த நேரத்தில் மூன்றாவது ஆள் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கற்பித்தல் முறையையும்விட, டிவியை அணைத்துவிட்டு அவர் குக்கரைப் பார்த்துக்கொள்வதோ பரமபதத்தை விரிப்பதோ அந்த வீட்டின் மாலையை மாற்றும். எனக்கு இது தெரிவதற்கும் ஒரு பெருந்தொற்று வேண்டியிருந்தது.

எங்கள் பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து என்று 70 மஞ்சாடி விதை இருந்தது. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகன், நாலு வயது, ஆடிக் கலைத்தான். எண்ணிப்பார்த்து ஏழு குறைகிறது என்றாள் மகள். பீரோவுக்கு அடியில் இரண்டு கிடைத்தன. மீதி ஐந்துக்குப் புளியங்கொட்டை போட்டுக்கொண்டார்கள். இப்போது "புளி வந்தா ரெண்டு கணக்கு" என்று அவன் ஒரு புது விதி சொல்கிறான், அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.